அரை நெல் நீளம்

அந்த அக்காவிடம் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று, மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் சித்தூரில் யாரும் கேட்கமாட்டார்கள். தெரியாமல் கேட்டுவிட்டால், "ரசம் நல்லா இருந்துச்சுங்க, பொரியல் நல்லா இருந்துச்சுங்க. பாயசம் நான் குடிக்கலீங்க, அது எப்படி இருந்துச்சுன்னு தெரீலீங்க" என்று பதில் வரும். கல்யாண வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். பாயசத்தில்தான் ஏதோ குறை என்று பந்தி முழுக்கப் பேச்சாகிவிடும்.

பெண் எப்படி என்று கேட்டவருக்கு இன்னும் மோசம். "நெத்தியும் மூக்கும் பாத்தனுங்க, லட்சணமா இருக்குது. தலையக் குனிஞ்சுட்டாங்க, மீதியப் பாக்கலீங்க." அந்தப் பெண் என் மனைவி. இதைச் சொன்னது என் கல்யாணத்தில். அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டார். அடுத்தவர் சொன்னாலும் விடமாட்டார். கொழிஞ்சாம்பாறையில் நல்ல மழையாம் என்று பஸ்ஸில் ஒருவர் பொதுவாகச் சொன்னால், முன் சீட்டிலிருந்து திரும்பி "பாத்தீங்களா?" என்று கேட்பார். சண்டைக்குக் கேட்பதில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். சொன்ன மனுஷன் மழையைப் பற்றிப் பேசியதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

இப்படிப்பட்ட ஒருத்தர், யாராலும் பார்க்க முடியாத ஒன்றைச் செய்து விற்கிற தொழிலில் இருந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அவர் செய்தது லேசர். எழுபதுகளில் அந்தச் சொல்லே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. அதிலும் அவர் செய்தது, ஒளியை ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரம் மட்டும் விட்டு நிறுத்துகிற வகை. மெட்ராஸில் படித்து, எங்கேயோ ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று ஊருக்கு வந்து, அவருடைய அண்ணனுக்குச் சொந்தமான ஓடு வேய்ந்த பழைய நெல் குடோனில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருக்கிற கண்ணாடித் தண்டு மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் கோயமுத்தூர் பட்டறைகளில் கடைந்து, தானே தேய்த்து, தானே பூட்டியது. ஒவ்வொரு முறை அதை முடுக்கும்போதும் 'டொப்' என்று ஒரு சத்தம் வெளியே கேட்கும். கோயில் திருவிழா வெடிக்கட்டுக்கு வெடிமருந்து இடிக்கிறார் என்று கொஞ்ச நாள் பேச்சிருந்தது. பிறகு மின்னல்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

யாராவது இதனால் என்ன பயன் என்று கேட்டால் ஒரு சவரப் பிளேடை எடுத்துக் கொடுப்பார். வெறும் பிளேடு. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்வார். பிடித்தால், நடுவில் ஊசி முனையைவிடச் சிறிதாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் இரும்பு இல்லை. ஒளி துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. துளையின் ஓரத்தில் கருகல் கிடையாது, பிசிறு கிடையாது. சூடு பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பார். நான் அந்தப் பிளேடை வெகுநேரம் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கூசியது. பயம் என்றே சொல்லலாம்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் தொழில் மூலம் வந்தது. சித்தூர் கடைவீதியில் என் அண்ணனும் நானும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது நான். நெகடிவில் டச்சப் செய்வது அண்ணன். அந்தக் காலத்தில் டச்சப் செய்யாத படத்தை எந்த ஸ்டூடியோவும் வெளியே விடாது. ஊசி போலச் சீவிய பென்சிலால் நெகடிவில் தீட்டினால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். பிளேடு முனையால் சுரண்டினால் கறுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்து மரு எல்லாம் அண்ணனின் மேஜையோடு போய்விடும். எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் பார்த்து நிச்சயமான கல்யாணங்கள் ஏராளம். நேரில் பார்த்த பிறகு முணுமுணுத்த மாப்பிள்ளைகளும் உண்டு. "மூஞ்சின்னா ஒண்ணு ரெண்டு கொற இருக்குந்தான். அதத் தொடச்சுக் குடுக்கறதுதான்டா மருவாதி" என்பார் அண்ணன். அதில் அவருக்குக் கபடம் கிடையாது. கோயிலில் விளக்கு ஏற்றுகிறவர் திரியைத் தூண்டுவது மாதிரி, அது அவர் கைக்குத் தானாக வரும்.

ஒருநாள் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து, "ஒரு வெளிச்சத்தப் படம் புடிக்கோணுமுங்க" என்றார்.

"ஆரு வெளிச்சமுங்க?" என்றேன் நான், கிண்டலாக.

"என்றதுதானுங்க" என்று தன்னையே தொட்டுக் காட்டினார்.

துருத்தி மாதிரி மடிப்பு வைத்த பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போனேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. எனக்கு ஒரு பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டார். மேஜை மேல் நீளமான இரும்புச் சட்டம், அதில் தண்டு, அங்கங்கே சின்னக் கண்ணாடிகள், கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ரோஜாச் சிவப்பில் சாயத் தண்ணீர். ஏதோ ஒன்று மெல்ல ரீங்காரம் போட்டு ஏறியது. 'டொப்'. அவ்வளவுதான். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

"இதுக்குத்தானா அக்கா இத்தன பாடு?" என்றேன்.

"தொட்டியப் பாருங்க தம்பி. மேஜையப் பாக்காதீங்க."

மறுபடி 'டொப்'. அந்தச் சாயத்துக்குள் மஞ்சளாக ஒரு கோடு மின்னி மறைந்தது. கோட்டின் நடுவில் ஒரு துண்டு மட்டும் கூடுதல் வெளிச்சம்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த வகையில் இதுதான். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்கிற வேகமுள்ள கடிகாரமும் கிடையாது. அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தொட்டிக்குள் எதிரெதிரே விடுகிறார். இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கிற இடத்தில் சாயம் கூடுதலாக மின்னும். துண்டு ஒளி எத்தனை குட்டையோ, சந்திக்கிற இடமும் அத்தனை குட்டை. அந்த இடத்தின் நீளத்தை அளந்தால் நேரம் தெரிந்துவிடும். நேரத்தை நீளமாக அளக்கிறார். அரை நெல் நீளம் இருந்தது.

"ஒரு நொடியில வெளிச்சம் ஓடற தூரம், நெலாவுக்குக் கொஞ்சம் கம்மீங்க. அந்த ஓட்டத்துல, இந்த அர நெல்லு தூரத்தத் தாண்டறதுக்கு எத்தன நேரமோ, ஏறக்கொறைய அத்தனதானுங்க இது இருக்கற நேரம்." சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தார். "நெலாவுக்கு நாம் போயி பாக்கலீங்க. அது புஸ்தகத்துல இருக்கறது."

நான் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பாரதப்புழைக் கரையில் நெல் தூற்றுகிற ஊரில், ஒரு நெல்மணியில் பாதியை வைத்து ஒருத்தர் காலத்தை அளக்கிறார். எனக்கு அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் எதற்கு என்று கேட்பார் என்பதால் சும்மா இருந்தேன்.

அந்தச் சாயத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அதைச் சுத்தமான ஸ்பிரிட்டில்தான் கரைக்க வேண்டும். ஸ்பிரிட் வாங்க அவரிடம் பெர்மிட் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கலந்து, பெரிய கண்ணாடிக் குடுவையில் எடுத்துக்கொண்டு டாக்ஸியில் திரும்பி வந்தோம். ஃபிலிம் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். வாளையார் செக்போஸ்டில் ஒரு எக்சைஸ் அதிகாரி எட்டிப் பார்த்தார். பெர்மிட்டில் ஸ்பிரிட் என்று இருக்கிறது, குடுவைக்குள் சிவப்பாக இருக்கிறது. சாயம் கலந்த சாராயம் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

"இது குடிக்கான் பற்றுமோ?" என்று கேட்டார்.

குடிக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அக்கா, "குடிச்சுப் பாக்கலீங்க" என்றார்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். அக்கா பதறவில்லை. இறங்கி, குடுவையைத் தூக்கி வெயிலில் பிடித்தார். சிவப்புத் தண்ணீருக்குள்ளிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு நெருப்பு எரிகிற மாதிரி விளிம்பெல்லாம் ஒளிர்ந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்து லாரிக்காரர்களும் வந்து பார்த்தார்கள். "ஐயோ, இது ஆரும் குடிக்கில்லா" என்று அவரே சொல்லிவிட்டார். போகும்போது, இது எப்படி ஒளிர்கிறது என்று நின்று நிதானமாகக் கேட்டுக்கொண்டு அனுப்பினார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

குடோன் அக்காவின் அண்ணனுடையது என்று சொன்னேன். அவர் நிலக்கடலை வியாபாரி. பொல்லாதவர் இல்லை. ஆனால் கிழக்கே கடலை வெள்ளாமை பெருகி, செக்கு போட இடம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். "பாப்பா, இந்தக் கடல அறுப்புக்குள்ள ஒரே ஒரு மெசினாச்சும் வெளிய போயிருச்சுன்னா குடோன் உன்றதுதான். நான் வாயத் தொறக்கமாட்டேன். போகலீன்னா எனக்கு எடம் வேணும்" என்று என் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் அந்த மெஷினைக் கேட்டிருந்தது. ஒரு நிபந்தனை மட்டும். தொட்டிக்குள் கூடுதலாக மின்னுகிற அந்தப் புள்ளியின் படம் வேண்டும். புள்ளியின் வெளிச்சம் சுற்றியுள்ள கோட்டைவிட மூன்று மடங்கு இருக்க வேண்டும். அங்கேதான் சூட்சுமம். ஒளி சுத்தமான ஒற்றைத் துண்டாக வந்தால்தான் மூன்று மடங்கு வரும். சந்தைக் கூட்டம் மாதிரி முட்டி மோதிக்கொண்டு வந்தாலும் அங்கே ஒரு புள்ளி விழும், ஆனால் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அக்காவுக்கும் அதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. நெகடிவை ஒரு சின்ன விளக்குக்கு மேல் வைத்து, முள் ஆடுகிற மீட்டரால் அளந்துதான் சொல்வார்.

நான் படம் எடுத்தேன். கழுவிக் கொடுத்த நெகடிவை அளந்தார். மூன்று வந்தது. அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்துகொண்டு இரண்டு டம்ளர் டீ குடித்ததைப் பார்த்தேன். படம் மெட்ராஸ் போயிற்று. ஆர்டர் வந்தது. மெஷின் மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி ஏறியது. அவருடைய அண்ணனே தேங்காய் உடைத்து லாரியை அனுப்பிவைத்தார்.

லாரி கிளம்பிய அன்றே, காலை பதினோரு மணி வாக்கில் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். பெட்டி கட்டுவதற்கு முன்னால் இன்னொரு சுற்றுப் படம் எடுத்திருந்தோம், அதன் நெகடிவ் வேண்டும் என்றார். அண்ணன் மேஜையில் குனிந்து வேலையாக இருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, அது என்றதுங்களா?"

"உங்களுதுதானுங்க அம்மிணி. மொதலு குடுத்த படத்தாட்டமே இதையும் கொஞ்சம் நைஸ் பண்ணிட்டிருக்கறனுங்க. புள்ளி சித்த மங்கலா இருந்துச்சு. சுத்தியும் ஒரே அழுக்கு. சொரண்டி உட்டுட்டு நடுவுல லேசா ஏத்துனேன். பெரிய எடத்துக்குப் போற படமாச்சுங்களே."

அண்ணன் முகத்தில் பெருமை. நான் கவுண்டரிலிருந்து எழுந்தேன். எனக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. எந்த நெகடிவானாலும் கழுவிக் காய்ந்ததும் அண்ணனின் மேஜைக்குப் போகும். எங்கள் கடையில் அதுதான் நடைமுறை. அதை ஒருத்தரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அக்கா கத்தவில்லை. "தீட்டாதது ஏதாச்சும் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். காயவைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு குடோனுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மேஜை காலியாகக் கிடந்தது. மீட்டரை வைத்தார். முள் ஆடி நின்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் அங்கேயே நின்றது.

"ஒண்ணர" என்றார்.

"அக்கா, அவியளுக்கு எங்க தெரியப்போவுது? எறக்கிப் பூட்டி, கொஞ்ச நாளாகட்டும். அங்க போயி சரி பண்ணிக்கலாமுங்க" என்றேன். என் அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்கிற அவசரம் எனக்கு.

"எனக்குத் தெரியுமுங்களே" என்றார். பிறகு, "உங்க ஸ்கூட்டர் ஓடுமுங்களா?"

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை, புருஷனோ கூடப்பிறந்தவனோ அல்லாதவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது லேசான காரியமில்லை. கடைவீதி முழுக்கப் பார்த்தது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் ஒரே ஒரு தரம், "முன்னால மாடு" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

வாளையாரில் வழக்கம்போல லாரிகள் வரிசை கட்டி நின்றன. சிமென்ட் தூசி மூக்கை அடைத்தது. எங்கள் லாரி வரிசையில் முன்னுக்குப் போய்விட்டது. டிரைவர் சேலத்துக்காரர். காகிதமெல்லாம் முத்திரை வாங்கி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பெட்டிய எறக்கோணுமுங்க" என்றார் அக்கா.

"ஏம்மா? உடைஞ்சு கிடைஞ்சு போச்சா?"

"இல்லீங்க. பொய்யாப் போவுதுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் லாரி டயரைப் பார்த்தேன். "மெஷின் என்னம்மா பொய் சொல்லும்?"

"மெசின் ஒண்ணும் சொல்லலீங்க. நாந்தான் மூணுன்னு சொல்லிட்டேன்."

அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அக்காவின் முகத்தில் என்ன கண்டாரோ, டீயைக் கீழே ஊற்றிவிட்டுத் தார்ப்பாயை அவிழ்த்தார். பழைய எக்சைஸ் அதிகாரி அன்றைக்கும் அங்கே இருந்தார். தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, இரண்டு ஆட்களைப் பெட்டிக்குக் கைகொடுக்க அனுப்பினார். திரும்பி வருகிற காலி வண்டி ஒன்றில் ஏற்றினோம். அக்கா பெட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சித்தூர் போஸ்ட் ஆபீஸிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். டிரங்க் கால் என்றால் கத்த வேண்டும். ஸ்டாம்பு வாங்க வந்தவர், மணியார்டர் எழுத வந்தவர் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "படம் தப்புங்க சார். ஆமாங்க, நாந்தான் அனுப்புனேன். மறுபடி அளந்தேன், ஒண்ணரதாங்க இருக்குது. இல்லீங்க, வண்டியத் திருப்பிட்டேன். சரி பண்ண முடியுமான்னு தெரீலீங்க, பாத்துட்டுச் சொல்றேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "எங்க அண்ணன் தீட்டுனதுனாலன்னு சொல்லியிருக்கலாமுங்களே அக்கா. உங்க மேல எதுக்குப் பழி?"

"மொதல் படத்த அவரு தீட்டறத நான் பாக்கலீங்களே தம்பி. நான் அளந்தத நான் பாத்தேன். அதத்தான் சொல்ல முடியும்."

அன்றுவரை அவருடைய அந்தப் பழக்கத்தை நான் ஒரு விசித்திரமான குணமாகத்தான் நினைத்திருந்தேன். அடுத்தவர்களை நெளியவைக்கிற குணம், அவ்வளவே. போஸ்ட் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது அது எத்தனை பெரிய மனசு என்று தெரிந்தது. ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவருக்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

கடலை அறுப்பு வந்தது. அவருடைய அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. குடோனுக்குள் செக்கு வந்தது. மெஷினை வெளித் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள்.

என் அண்ணனிடம் விஷயத்தை நான் சொல்லவில்லை. குடோன் போனதும், போஸ்ட் ஆபீஸில் எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா தாழ்வாரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, என்ற பென்சிலால உங்க பொழப்பே போயிருச்சுங்க."

"உக்காருங்கண்ணா. உங்க ஸ்டூடியோவுக்குள்ள நல்லா இருட்டா இருக்குமுங்களா?"

அண்ணன் நிமிர்ந்தார். "பட்டப்பகல்ல கையே தெரியாதுங்க அம்மிணி."

இப்படித்தான் அந்த மெஷின் எங்கள் ஸ்டூடியோவுக்குள் வந்தது. படம் எடுக்கிற ஹாலில் பாதியை அண்ணன் காலி செய்து கொடுத்தார். வேறு இடம் இல்லாததால், பின்னணித் திரைக்கு முன்னால்தான் மேஜை. திரையில் அருவி கொட்டிக்கொண்டிருக்கும், கரையில் இரண்டு மான் நிற்கும், அதற்கு முன்னால் இரும்புச் சட்டமும் கண்ணாடிகளும் சிவப்புச் சாயமும். கல்யாண ஜோடிகள் வந்தால் நடுவில் ஒரு படுதாவை இழுத்துவிடுவோம். மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லும்போது படுதாவுக்குப் பின்னால் 'டொப்' என்று கேட்கும். அந்த மாதங்களில் எங்களிடம் படம் எடுத்துக்கொண்ட ஜோடிகள் எல்லாம் திடுக்கிட்ட முகத்தோடுதான் இருப்பார்கள். அதை மட்டும் அண்ணனால் டச்சப் செய்ய முடியவில்லை.

அக்கா ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். சாயத்தைக் கொஞ்சம் கூட்டினார், குறைத்தார். ஒரு கண்ணாடியைச் சாய்த்தார். ஒவ்வொரு முறையும் படம் எடுத்தோம், கழுவினோம், அளந்தோம். ஒன்றரை. ஒன்றே முக்கால். மறுபடி ஒன்றரை. எனக்குச் சலித்துப்போனது. அவருக்கு ஒரு தரமும் சலித்ததை நான் பார்க்கவில்லை. ஒருநாள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பெரிய கன்டென்சர் ஒன்று வெடித்து, அவர் தாடையில் தீப்பொறி பட்டுக் காசளவுக்கு வெந்துவிட்டது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

கடைசியில், உள்ளே ஒளியைத் திறந்து மூடுகிற இன்னொரு சாயக் குப்பி உண்டு, அதைத் தனியாக நிறுத்தாமல் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி வைத்துப் பார்த்தார். எடுத்த படத்தைக் கழுவிக் காயவைத்தேன். அண்ணன் கிளிப்பிலிருந்து நெகடிவை எடுத்தார். பழக்க தோஷத்தில் தன் மேஜைப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார். பிறகு நின்று, திரும்பி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து அக்காவிடம் கொடுத்தார்.

முள் ஏறியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நீங்களே பாருங்கண்ணா. எனக்குக் கண்ணு கலங்குது, சரியாத் தெரீல" என்றார் அக்கா.

அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மூணுக்குக் கொஞ்சம் கீழ நிக்குதுங்க. ரெண்டே முக்கால்."

"ரெண்டே முக்கால்" என்று அக்கா திரும்பச் சொன்னார். போய் டிரங்க் கால் போட்டார். மூன்று என்று சொல்லவில்லை, மூன்றுக்குப் பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. ரெண்டே முக்கால் என்று கத்தினார். போஸ்ட் ஆபீஸில் அத்தனை பேருக்கும் கேட்டது. மெட்ராஸ்காரர்கள், அந்தக் கணக்கே போதும், கொண்டுவாருங்கள் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்களாம். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்த படங்களில் எத்தனை ஒன்றரை இருக்கிறதோ தெரியவில்லை என்று. இதை அக்கா என்னிடம் சொல்லும்போது, "அவிய சொன்னது. நான் பாக்கல" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுபடி மரப்பெட்டி, வைக்கோல், லாரி. இந்தத் தடவை வாளையாரில் வண்டி நிற்கவேயில்லை என்று டிரைவர் சொன்னார். சேலத்துக்காரர்தான். அவரையே வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கியிருந்தார்.

மெஷினோடு, அதைச் செய்தவருடைய போட்டோ ஒன்றும் வேண்டும் என்று மெட்ராஸில் கேட்டிருந்தார்கள். பெட்டி ஏறுவதற்கு முந்தின நாளே அக்காவை அருவிக்கு முன்னால் மேஜைப் பக்கம் நிற்கவைத்து எடுத்தேன். தாடைத் தழும்பு அப்போது காய்ந்து கறுத்திருந்தது. நெகடிவ் காய்ந்ததும் அண்ணன் அதை நேரே பிரிண்ட் போட்டுவிட்டார். அவர் அந்த ஸ்டூடியோவில் இருந்த காலம் முழுக்கப் பென்சில் படாமல் வெளியே போன ஒரே முகம் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா படத்தைக் கையில் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் இப்படித்தான் இருக்கறனுங்களா?"

"பாத்ததத்தானுங்க குடுத்திருக்கறேன் அம்மிணி" என்றார் அண்ணன்.

அக்கா மறுபடி படத்தைப் பார்த்தார். தாடையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "இந்தத் தழும்ப மட்டும் சித்த எடுத்திருக்கலாமுங்கண்ணா" என்றார்.

அண்ணன் மேஜை டிராயரை இழுத்தார். சீவிய பென்சில்கள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிராயரை மூடினார்.

"ஊருக்கெல்லாம் எடுப்பனுங்க. உங்க படத்துல மட்டும் கை வெக்கமாட்டனுங்க அம்மிணி."

அக்கா சிரித்துவிட்டார். சேரீங்க என்று சொல்லிவிட்டு, படத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.